வொட்டை மட்டும் பார்த்து ஸ்பீக்கர் விற்கலாமா?

"நானா, அம்ப்ளிபயர் 30 வொட், ஸ்பீக்கர் 100 வொட். பிறகெப்படி எரியும்?"

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான் கடை தொடங்கிய புதிதில் ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்வி இது. அன்று எனக்கும் பதில் தெரியாது. டுவீட்டர் இரண்டையும் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அந்த வியாபாரத்தில் கிடைத்த இலாபம் அதோடு போய்விட்டது.

விடயம் இதுதான். சிறிய அம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மேல் திருகினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். 'கிளிப்பிங்' என்பார்கள். அப்போது மேல் அதிர்வெண்களில் மிதமிஞ்சிய சக்தி டுவீட்டருக்குப் போகிறது. அதன் கம்பிச் சுருள் மிக மெல்லியது, தாங்காது. சத்தம் கரகரத்தால் உடனே குறைக்க வேண்டும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பீ.எம்.பீ.ஓ. வெறும் விளம்பரக் கணக்கு. ஆர்.எம்.எஸ். அளவையே பாருங்கள். அதிலும் 50 வொட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வொட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வொட்டிலேயே தந்துவிடும். அதனால் கொள்வனவு செய்யும்போது இந்த டெசிபல் அளவையும் கேட்டு வாங்குங்கள். நம்மில் பலர் கேட்பதேயில்லை.

இன்னொன்று ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாக ஒரே முனையில் இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். 8 ஓமுக்கு மட்டும் செய்த அம்ப்ளிபயர் அதில் சூடேறிப் பழுதாகலாம்.

இப்போது பற்றுச்சீட்டிலேயே இரண்டினதும் ஓம், ஆர்.எம்.எஸ். அளவுகளை எழுதிக் கொடுக்கிறேன்.