மலக்குடல் புற்றுநோய்: சின்ன ஆபரேஷனா, பெரிய ஆபரேஷனா?

மலத்தில் ரத்தம் என்றால் 'மூள்வியாத்' போர்டைத் தேடிப் போகிறவர்களே இந்த ஊரில் அதிகம். அது மூலமல்ல, மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வயித்தைக் கிழிக்காம முடிச்சுடலாமா டாக்டர்?" என்பதுதான். ஆரம்ப நிலை என்றால் சிலருக்கு முடியும்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். லேப்ராஸ்கோப்பியில் வெளிக்காயம்தான் சின்னது. உள்ளே நடப்பது பெரிய ஆபரேஷனே. மலக்குடலையும் சுற்றியுள்ள கொழுப்பையும் அதில் பொதிந்த நிணநீர் முடிச்சுகளையும் (தொண்டையில் நெறி கட்டுகிறதே, அதே இனம்) உறை கிழியாமல் ஒரே பொட்டலமாக எடுக்கிறோம். பிரிட்டனின் பில் ஹீல்ட் 1982இல் வலியுறுத்திய முறை இது. இது பரவிய பின், அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

நிஜமான சின்ன ஆபரேஷன் வேறு. ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்தி, கட்டியை மட்டும் அடியோடு வெட்டி எடுப்பது. ஜெர்மனியின் கெர்ஹார்ட் பூஸ் 1980களில் இதற்கான கருவியைக் கொண்டுவந்தார். வெளியே தையல் இல்லை, சில நாளில் வீடு.

பிறகென்ன தயக்கம்? முடிச்சுகள் உள்ளேயே இருந்துவிடுகின்றனவே! கட்டி குடலின் தசையைத் தொடாதபோதே நூற்றில் சுமார் 10 பேருக்கு முடிச்சில் நோய் இறங்கியிருக்கும். தசைக்குள் போய்விட்டால் சுமார் 20 பேருக்கு. மிக நுண்ணிய பரவல் எம்.ஆர்.ஐ.யிலும் தப்பிவிடும். அதனால் 3 செ.மீ.க்கு உட்பட்ட, மேலோட்டமான, ரத்தக் குழாய்க்குள் நுழையாத கட்டிக்கே சின்ன ஆபரேஷன் பொருந்தும். வெட்டிய கட்டியின் பயாப்ஸிதான் கடைசித் தீர்ப்பு. அது பாதகமாக வந்தால் பெரிய ஆபரேஷனுக்கும் தயாராக இருக்கணும்.

பெரியதற்கும் விலை உண்டு. வயிற்றில் சில மாதம் பை, கட்டி ஆசனவாயை ஒட்டியிருந்தால் நிரந்தரப் பை. அடிக்கடி டாய்லெட் ஓட்டம், சிறுநீரிலும் தாம்பத்தியத்திலும் தொந்தரவு வரலாம். இதயம் பலவீனமான 75 வயதுக்காரருக்குச் சின்னதையே சொல்வேன். திடமான 45 வயதுக்காரர், அறிக்கையில் சந்தேகம் இருந்தால், பெரியதைத் தள்ளிப்போடக் கூடாது.

சின்னது செய்துகொண்டவர் முதல் சில வருஷம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் பார்த்தாக வேண்டும். மாற்றலாகியோ ரிட்டயராகியோ ஊர் திரும்புகிறவர்கள் பயாப்ஸி அறிக்கை, மெழுகுக் கட்டை, எம்.ஆர்.ஐ. சி.டி. மூன்றையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.