நீலிக்கு எத்தனை உலகம்?

2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ மலையாளப் படத்தில், பெங்களூருவில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண் அடியாட்களைப் பந்தாடுகிறாள். அவள் யார் என்பது பாதிப் படத்தில் தெரிகிறது: கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டிய இடம். நம்மூர்ப் பேய் சூப்பர்ஹீரோ ஆகிவிட்டது!

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் வரும் நீலி வேறு மாதிரி. தாசி வீட்டில் பிறந்தவள், காதலனை நம்பிக் காட்டுவழி போகிறாள். அவன் நகைக்காக அவளைக் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைத்துவிட்டுச் சாகிறாள். மறுபிறவியில் அதே கள்ளியின் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, செட்டியாராகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வந்து பழி தீர்க்கிறாள். ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே கோயில் கொண்டிருக்கும் முப்பந்தல் இசக்கி இவள்தான் என்பார்கள்.

ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடக்கே, திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரிலும் ஒரு நீலி உண்டு. அங்கேயும் கொலை, கள்ளிக் குழந்தை, வணிகன். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், வாக்குப் பொய்த்ததும் தீப்பாய்கிறார்கள். திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது. அதாவது 7ஆம் நூற்றாண்டுக்கே இது பழங்கதை. பிறகு சமணர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். ‘நீலகேசி’ காப்பியத்தில் பழையனூர் நீலி முனிச்சந்திரர் என்ற முனிவரைப் பயமுறுத்தப் போய், தோற்று, அவருக்கே மாணவியாகிறாள். அதன்பின் பௌத்தர், ஆசீவகர், வேதவாதியர் என்று ஒருவர் விடாமல் வாதம் செய்து வெல்கிறாள். பேய் தர்க்கம் பேசும் காப்பியம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. கேரளத்திலோ கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவளை இரும்பாணியால் அடக்கியதாகச் சொல்கிறார்கள். லோகா படமோ அவளைப் பழங்குடிச் சிறுமியாக்கி, கத்தனாரையே அவளுக்கு வழிகாட்டியாக மாற்றிவிட்டது.

இத்தனையும் ஒரே நீலிக்கு நடந்திருக்க முடியாது. அமெரிக்கக் காமிக்ஸ்காரர்களும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டார்கள். 1940இல், பின்னாளில் டிசி நிறுவனத்தோடு இணைந்த ஒரு பதிப்பகம் ஃபிளாஷ் என்ற அதிவேக நாயகனை உருவாக்கியது. அவன் பெயர் ஜே காரிக். சில ஆண்டுகளில் மவுசு குறைந்து அவன் மறைந்தான். 1956இல் அதே பட்டப்பெயரில் பாரி ஆலன் என்ற புதியவன் வந்தான். இவன் சிறுவயதில் பழைய ஃபிளாஷ் காமிக்ஸ் படித்தவனாம்! அப்படியானால் பழையவன் வெறும் கற்பனையா? 1961இல் கார்டனர் ஃபாக்ஸ் எழுதி, கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்த இதழ் இதற்கு விடை கண்டுபிடித்தது. ஒரே இடத்தில் இரண்டு பூமிகள், வெவ்வேறு வேகத்தில் அதிர்ந்துகொண்டு இருக்கின்றன. பாரி தன் அதிர்வை மாற்றியதும் அடுத்த பூமியில் போய் நிற்கிறான், ஜே காரிக் அங்கே நரைத்த தலையோடு இருக்கிறான். முதல் பூமியின் கதாசிரியர் கனவில் கண்டு எழுதியதெல்லாம் இரண்டாம் பூமியில் நிஜமாக நடந்ததுதான் என்று முடித்துவிட்டார்கள். ஃபாக்ஸின் குறும்பை ரசிக்காமல் இருக்க முடியாது.

இதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1957இல், ஹியூ எவரெட் என்ற இளம் இயற்பியலாளர் குவாண்டம் நிகழ்வு ஒவ்வொன்றிலும் சாத்தியமான எல்லா விளைவுகளும் தனித்தனிக் கிளைகளில் நடக்கின்றன என்று எழுதியிருந்தார். அந்தக் கிளைகள் பிரிந்தபின் நடைமுறையில் ஒன்றையொன்று தொடாது. காமிக்ஸ் பூமிகளோ தொட்டுக்கொள்வதற்காகவே பிறந்தவை. பூமிகள் பெருகிப் பெருகி, வாசகனுக்கு எது எங்கே நடந்தது என்று புரியாமல் போனதால், 1985இல் தொடங்கிய 12 இதழ்த் தொடரில் டிசி எல்லாவற்றையும் அழித்து ஒரே பூமியாக்கியது. பாரி ஆலனும் அதில் செத்தான். அந்த ஒற்றைப் பூமி நிலைக்கவில்லை. 2007இல் பல பூமிகள் மறுபடி வந்துவிட்டன.

நீலிகளுக்கு இப்படி யுத்தம் தேவைப்படவில்லை. நாஞ்சில் நாட்டில் சாமியாக நிற்கும் ஒவ்வொரு நீலிக்கும் ஒரு கோயிலும், கொடை என்ற ஒரு திருவிழாவும் இருக்கின்றன. கொடை நாளில் புலவர் வில்லின் நாணில் வீசுகோல் தட்டி, குடமும் உடுக்கும் கூட வர, அந்தக் கோயில் சாமியின் கதையை அந்தச் சாமியே கேட்கப் பாடுகிறார். 1970களில் இங்கே களப்பணி செய்த ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறப்பைச் சொல்லும் கதைகள் ஒரு வகை, கொலையுண்டு தெய்வமான மனிதர்களின் கதைகள் இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகையில், சாவு பாடப்படும் நேரத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். பக்கத்து ஊர்ப் பாடம் அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும்?

இதனால் கதை மாறவே மாறாது என்று எண்ணிவிடக் கூடாது. முத்துப்பட்டன் என்ற பிராமணன், சக்கிலியப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து மாடு காக்கப் போய் உயிர்விட்ட கதை நெல்லையிலும் குமரியிலும் பாடப்படுகிறது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று பிற்காலத்தில் யாரோ சேர்த்துவிட்டார்கள். இது இடைச்செருகல் என்று ஆய்வாளர் நா. வானமாமலை சுட்டிக்காட்டினார். நடந்து முடிந்த கதைக்குள் பின்னாளில் புது உண்மையைப் புகுத்தும் வேலை காமிக்ஸில் அன்றாடம் நடப்பது. ஆனால் அங்கே அது விற்பனைக்காக. இங்கே சாதிக் கலப்பை மறைப்பதற்காக.

டிசியின் மூன்றாம் பூமியில் நாயகர்கள் எல்லாம் கொடியவர்கள். அதற்கு இணையாக இங்கே ‘தம்பிமார் கதை’ உண்டு. திருவிதாங்கூர் மன்னர் ராமவர்மா 1729இல் இறந்ததும், மருமக்கள் தாய வழக்கப்படி சகோதரி வழி வந்த மார்த்தாண்டவர்மாவுக்கு ஆட்சி போனது. ராமவர்மாவின் பிள்ளைகளான தம்பிமார் கொல்லப்பட்டார்கள். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் தம்பிமார் அரியணைக்கு ஆசைப்பட்ட சதிகாரர்கள். வில்லுப்பாட்டிலோ அவர்கள் வஞ்சிக்கப்பட்டுச் செத்தவர்கள், சாமியானவர்கள். குமரி மாவட்டமே 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. மன்னர் நாயகனாகும் நாவலும் அதே மன்னர் கொலைகாரராகும் பாட்டும் ஒரே மண்ணில், இரண்டு மொழிகளில் ஓடின. எது சரி என்று தீர்க்க இங்கேயும் ஒரு பதிப்பாசிரியர் கிளம்பலாம். தம்பிமாரின் கொடையை நிறுத்தச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கும்.