நாலு எண் தப்பினால்...

டிஜிட்டல் லேபில் ஆக்டல் எண்ணைப் பார்த்து "இது எதுக்குடா நமக்கு?" என்று முணுமுணுக்காதவர் நம்மில் யார்? விமானங்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் பதில் கிடைத்தது.

விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்றொரு பெட்டி உண்டு. தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் "நீ யார்?" என்று கேட்கும். பெட்டி 1090 மெகாஹெர்ட்ஸில் நாலு இலக்க எண் ஒன்றைச் சொல்லும். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான். ஆக மொத்தம் 4096 எண்கள். இதில் 7500 என்றால் கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசர ஆபத்து. அமெரிக்காவில் கண்பார்வையை நம்பிப் பறக்கும் சிறு விமானங்களுக்குப் பொது எண் 1200.

வாஷிங்டனில்தான் வம்பு. 2001 தாக்குதலுக்குப் பின், 2003இல் அந்நகரைச் சுற்றி 30 கடல் மைல் அளவுக்கு வான் கட்டுப்பாடு வந்தது, 2009இல் நிரந்தரமானது. உள்ளே பறக்கத் தனி எண் தருவார்கள். 1200 கூடவே கூடாது. ஆனால் பழக்கதோஷம் விடுமா? கை தானாக 1200க்குப் போகும். உடனே ரேடார் திரையில் அவர் யாரோ எவரோ! போர் விமானம் கிளம்பி வந்தாலும் வரும்.

பாரிட்டி பிட் இருந்தால் காப்பாற்றாதா என்பீர்கள். பல்ஸ் கெட்டால் அது கண்டுபிடிக்கலாம், சரி. விரல் தப்பினால்? பெட்டிக்குத் தப்பான எண்ணும் நல்ல எண்தானே!

அதனால்தான் குமிழைத் திருகும் வரிசையைக்கூட விமானிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். 2700லிருந்து 7200க்கு மாறணுமா? முதலில் 2200, பிறகு 7200. முதல் இலக்கத்தை முந்தித் திருகினால் நடுவில் 7700 வந்து உட்கார்ந்துகொள்ளும்.