பிழை திருத்துவதும் தொழில்தான்: தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜோர்ஜ்டவுன் – "தமிழ்தானே படிச்சீங்க, இதக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்."

தமிழில் பட்டம் பெற்ற எவருக்கும் பழகிப்போன பேச்சு இது. கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ் என எது வந்தாலும் 'கொஞ்சம்' என்றுதான் கேட்பார்கள். காசு என்று வாயெடுத்தால் முகம் மாறிவிடும்.

அந்தக் கொஞ்சத்தில் எவ்வளவு வேலை இருக்கிறது? 'வேலை கொடு' என்றால் பணி கொடு என்று பொருள். 'வேலைக் கொடு' என்றால் முருகனின் வேலாயுதத்தைக் கொடு என்று ஆகிவிடும். ஒரே ஓர் ஒற்றெழுத்துதான் வேறுபாடு. இதைக் கவனிக்கும் கண் ஒரு நாளில் வந்துவிடாது.

சென்னையில் 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளரோடு அமர்ந்து வரிவரியாகப் பிரதியைச் செம்மையாக்கியவர். 1992-இல் வெளிவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இன்றும் பிழைதிருத்துவோரின் மேசையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பு வந்த 2020-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். செம்மையாக்கம் என்பது உதவி அல்ல, தனித்துறை என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

எந்த வேலையைக் கேட்கிறார்கள்?

முதலில் இதைத் தெளிவாக்குங்கள். அச்சுக்குப் போகும் பக்கங்களில் எழுத்துப்பிழை, விடுபட்ட சொல், தவறிய பக்க எண் ஆகியவற்றைப் பார்ப்பது மெய்ப்புத் திருத்தம். வாக்கியம், ஒற்று, சொற்களின் சீர்மை ஆகியவற்றைச் சரிசெய்வது மொழிச்செம்மை. எதை முன்னே வைப்பது, எதை நீக்குவது என்று எழுத்தாளரோடு பேசி முடிவு செய்வது உள்ளடக்கச் செம்மை. மூன்றுக்கும் ஒரே விலை சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான்.

எவ்வளவு கேட்பது?

பத்துப் பக்கங்களைத் திருத்திப் பார்த்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 பக்கம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 பக்க நூலுக்கு 24 மணி நேரம், மறுபார்வைக்கு இன்னும் 8 மணி நேரம், மொத்தம் 32 மணி நேரம். 'தெரிந்தவர்தானே' என்று 250 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டால் மணிக்கு 8 வெள்ளிகூடத் தேறாது. 2025-இல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தின்படி, ஒரு மணி நேரக் கூலியே 8 வெள்ளி 17 காசு. கணக்குப் போடாமல் விலை சொன்னால், பட்டம் பெற்றவர் அதற்கும் கீழே போய்விடுகிறார்.

வாய்ப்பேச்சு போதாது

பட்டம் வாங்கிய புதிதில் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலரை இலவசமாகத் திருத்திக் கொடுத்தேன். நான் முடித்த பிறகு, அச்சுக்கூடத்தில் எழுத்துருவை மாற்றியபோது சில பக்கங்கள் சிதைந்துவிட்டன. நன்கொடையாளர் ஒருவரின் பெயரும் தவறாக அச்சானது. பழி என் மேல் விழுந்தது. என் திருத்தம் எந்தக் கட்டத்தோடு முடிந்தது என்று காட்ட என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

அன்றிலிருந்து, பழைய எழுத்துருவில் வரும் கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். தட்டச்சுக்கு, மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கைகொடுக்கிறது. அச்சேறும் முன் கடைசிப் படியை எனக்குக் காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறேன்.

வேலையின் அளவு, எத்தனை சுற்றுத் திருத்தம், முடிக்கும் நாள், முன்பணம், கடைசிப் படிக்கு ஒப்புதல் தருபவர் ஆகிய ஐந்தும் ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது இருக்கட்டும். மாணவரின் ஆய்வேடு என்றால் மொழியை மட்டும் திருத்துங்கள். எழுதிக் கொடுப்பது நம் வேலை அல்ல.

பதிவும் வரியும்

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். வருமான வரிக்கு 'பி' பாரம். கணக்குகளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முதலாளி இல்லாததால் இபிஎஃப் தானாக ஏறாது. 'ஐ-சாரான்' திட்டத்தில் நீங்களே செலுத்தினால், அரசாங்கம் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை ஊக்கத்தொகை தருகிறது.

இந்த வேலைக்குக் கடை வேண்டாம். கணினியும் இணையமும் அகராதியும் இருந்தால் நிபோங் திபாலிலோ கூலிம் பக்கத்துத் தோட்டத்திலோ இருந்துகூடச் செய்யலாம். பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆண்டிதழ்களும் கோயில் மலர்களும் சொந்தச் செலவில் நூல் போடுவோரும் இருக்கும்வரை வேலைக்குப் பஞ்சமில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தெரிந்த பிள்ளையிடம் பத்திரிகையைக் கொடுக்கும்போது, 'கொஞ்சம் பார்த்துக் கொடு' என்பதோடு 'எவ்வளவு ஆகும்?' என்றும் கேளுங்கள். தமிழ் படித்தவர் தமிழாலேயே பிழைக்க அதுவும் ஒரு வழி.