உங்களுக்குத் தெரியுமா? – உள்சக்கரம் சொல்லும் கணக்கு

ஐயம்பேட்டையில் தறிச் சத்தத்தை விட்டுக் கிளம்பி, வாலாஜாபாத், ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு சத்தம் காதைப் பிளக்கும். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கார் பந்தயத் தடம் அது. சொந்தக் காசைப் போட்டுப் பந்தயம் ஓட்ட வருகிறவர்கள் என்றாவது ஒருநாள் கேட்டே தீரும் கேள்வி: "எந்த எல்.எஸ்.டி. போடலாம்?" அதாவது, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் வளைவில் உங்கள் காரின் உள்சக்கரத்தைப் பாருங்கள்.

● தேர் நான்கு மாட வீதிகளையும் வலம் வந்து நிலைக்குச் சேரும்போது, இடப்பக்கச் சக்கரம் வலப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் உருண்டிருக்கும். எவ்வளவு? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலத்தை 6.28-ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். வீதி நீளமா குட்டையா என்பது கணக்கிலேயே வராது. 1.4 மீட்டர் அகலமுள்ள கார் பந்தயத் தடத்தை ஒருமுறை சுற்றினாலும் இதே கணக்குத்தான்: 8.8 மீட்டர்.

● மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் வேண்டாம். அச்சு அசையாமல் கிடக்கும். கடையாணி போட்ட சக்கரம் இரண்டும் தனித்தனியாகச் சுற்றும். இழுப்பது மாடு. சக்கரத்தையே சுழற்றி வண்டியை ஓட்ட நினைத்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒரே சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் கொடுக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும். இதற்கான பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். அதற்கு 1827-இல் காப்புரிமை வாங்கியவர் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர்.

● சேற்று வயலில் டிராக்டர் மாட்டிக்கொண்டால் ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், மற்றது அசையாது. சாதா டிஃபரன்ஷியலின் குணம் அது. இரண்டு பக்கமும் சமமாகவே விசை தரும்; வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, அவ்வளவுதான் மற்றதற்கும். டிரைவர் காலடியில் இருக்கும் லாக் பெடலை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி மேடேறும். திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிட வேண்டும். பந்தயக் காருக்கு வேண்டியதோ திரும்பிக்கொண்டிருக்கும்போதே பாதி பூட்டுகிற பூட்டு; அதுதான் எல்.எஸ்.டி.

● வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாயும்; உள்சக்கரம் லேசாகிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது வெறுமனே சுற்றி டயரைத் தேய்க்கும். 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்கு இதே தலைவலி. அவற்றை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்.எஃப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். விற்பனைக் காரில் எல்.எஸ்.டி. வந்தது அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து, 1956-இல், அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில்.

● பிளேட் வகை எல்.எஸ்.டி.யில் மோட்டார் சைக்கிள் கிளட்ச் போல உராயும் தகடுகள் அடுக்கியிருக்கும். முடுக்கும்போது மட்டும் இறுகினால் அது 1-வே. காலை எடுத்தாலும் அதே அளவு இறுகினால் 2-வே. காலை எடுக்கையில் குறைவாக இறுகினால் 1.5-வே. பிரேக் பிடிக்கும்போது 2-வே காரை நேராக வைத்திருக்கும். ஆனால் வளைவுக்குள் திரும்ப அடம்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே சமரசம் வேண்டுமானால் 1.5-வே.

● இன்னொரு வகையில் தகடே இல்லை, சாய்ந்த பல்சக்கரங்கள்தான். டார்சன் என்ற பெயரில் உலகம் அறிந்த இதற்கு அமெரிக்காவின் வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்றார். தேய்மானம் குறைவு, அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இது பெருக்கல் கணக்கில் வேலை செய்யும். உள்சக்கரம் 50 பங்கு தாங்கினால் வெளிச்சக்கரத்துக்கு அதைப்போல இரண்டரை மடங்கு, 125 பங்குவரை போகும். உள்சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டதா? பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான்!

● முன்சக்கரம் இழுக்கும் காரா? இறுக்கமான பிளேட் வகை ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். பல்சக்கர வகைதான் கைக்கு இதமானது. வளைவில் பின்பக்க உள்சக்கரம் தூக்குகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்தச் சக்கரம் வண்டியை இழுப்பதில்லை. பின்சக்கரம் தள்ளும் கார், அதிலும் பின் உள்சக்கரம் தரையை விடுகிற கார் என்றால், பிளேட் வகைக்கே ஓட்டு.

● தறியில் பாவு நூலை அளவுக்கு மேல் இறுக்கினால் இழை அறும். தளரவிட்டால் நெசவு படியாது. பிளேட் வகைக்கும் இப்படி ஓர் ஆரம்ப இறுக்கம் உண்டு. மெக்கானிக்குகள் அதை 'ப்ரீலோடு' என்பார்கள். கூடினால் கார் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். குறைந்தால், தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். தகடு தேயத் தேய இறுக்கமும் குறையும். அதற்கென்றே உள்ள கியர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கண்டதை ஊற்றினால் தகடு கரகரக்கும்.

● பழைய எல்.எஸ்.டி. வாங்குகிறீர்களா? காரில் மாட்டியிருந்தால் ஜாக்கி போட்டு, வண்டியை ஓட்டும் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் அது சாதா டிஃபரன்ஷியல், அல்லது தகடு தேய்ந்துபோன எல்.எஸ்.டி. இரண்டும் ஒரே திசையில் கனமாகச் சுற்றினால் தகட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. ப்ரீலோடு இல்லாத பல்சக்கர வகைக்கு இந்தச் சோதனை செல்லாது; நன்றாக இருந்தாலும் சாதாவைப் போலவே சுற்றும்.

● கோ-கார்ட் வண்டியில் டிஃபரன்ஷியலே கிடையாது. பின் அச்சு ஒரே கம்பி. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பின் உள்சக்கரம் நூலளவு மேலே எழும்பும்படி முன்பக்கத்தை அமைத்திருப்பார்கள். அப்படித் தூக்காவிட்டால் வண்டி திரும்பவே திரும்பாது.

● ஸ்பேனரை எடுக்கும் முன் விதிப் புத்தகத்தை எடுங்கள். கம்பெனி கொடுத்த டிஃபரன்ஷியலைத் தொடவே கூடாது என்று சொல்லும் பந்தயப் பிரிவுகள் உண்டு. எல்.எஸ்.டி.யை மாட்டிவிட்டு அதைப் படித்தால், காசும் போச்சு, பந்தயமும் போச்சு.

● லைசென்ஸுக்கு எட்டுப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானின் சுசுகா தடமும் எட்டு வடிவம்தான். பாலத்தின் மேலும் கீழுமாகத் தடம் தன்னையே கடக்கும். அங்கே ஒரு சுற்று முடித்தால் இடது, வலது சக்கரங்கள் ஓடிய தூரம் சமம். ஒரு வளையத்தில் ஏறிய கடனை மறு வளையம் அடைத்துவிடுகிறது. அதற்காக டிஃபரன்ஷியலுக்கு அங்கே லீவு என்று நினைக்காதீர்கள். கடன் ஏறும்போதும் அதற்கு வேலை, அடையும்போதும் வேலை!