தோட்டத்து உடம்பு – 7: பெயரில்லாத குளிசை

சென்ற வாரம் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலோடு நிறுத்தியிருந்தேன். அது பூட்டிக் கிடக்கும் நாளில் நமது சனம் டவுனுக்கு இறங்கும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துச் சின்ன டவுன்களில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு டொக்டர் வீட்டு வாங்கில் இடம் இருக்காது. பால் வெட்டியவர், கொழுந்து எடுத்தவர், மடியில் காய்ச்சல் பிள்ளை. உள்ளே மூன்று நிமிடம். வெளியே வரும்போது கையில் நான்கைந்து சின்னக் கடதாசிக் கவர். மேலே பேனையால் 1+1+1. உள்ளே வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை. பெயர் கிடையாது. காசு எவ்வளவு என்று பொடியன் வாயால் சொல்லுவான். பில்லும் கிடையாது.

இதில் வசதி இல்லாமல் இல்லை. பாமசி தேடி அலைய வேண்டாம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். காசில்லை என்றால் 'பிறகு தா' என்று அனுப்பும் டொக்டர்மாரையும் நான் அறிவேன். ஆனால் மருந்து எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆள். பார்த்ததற்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. வெறும் தடிமனுக்கு அன்டிபயோட்டிக் போட்டாரா என்று கேட்கவும் கையில் ஒன்றும் இல்லை.

மருந்தின் பெயரில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அரைநூற்றாண்டுக்கு முன்பே பிடித்துக்கொண்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. மருந்தை வியாபாரப் பெயரில் அல்ல, அதன் பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்றார். அவர் தலைமையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. மொத்தமாக, மலிவாக இறக்குமதி செய்து காட்டினார். 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளில் டெட்ராசைக்ளின் செய்துதரச் சொன்னதற்கு ஃபைசர் கம்பனி மறுத்தது. அமெரிக்கத் தூதுவரே தலையிடுமளவுக்கு விஷயம் போனது. ஒரு குளிசைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கைகள்! 1977 செப்டெம்பரில் கயானாவில் பிபிலே இறந்தார். அரச டொக்டர்மார் கடமை நேரத்துக்குப் பிறகு, அந்த நான்கு மணி வாங்கில் போல, தனியாகப் பார்க்க மீண்டும் அனுமதி கிடைத்ததும் அந்த ஆண்டு வந்த ஆட்சியில்தான். பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்பது சட்டமாக 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், இலக்கம் 5. சிட்டையே எழுதாத இடத்தில் அந்தச் சட்டம் எதைப் பிடிக்கும்?

எழுதுகிறவரே விற்கிறார் என்ற முறைப்பாடு பெரிய ஆஸ்பத்திரியிலும் எழுந்தது. 2025 ஜூனில் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையின் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு கைது செய்தது. சுமார் 50,000 ரூபாய் பெறும் கருவியைத் தனியார் கம்பனி ஒன்றின் ஊடாக 175,000க்கு நோயாளிகளுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுத்தான், தீர்ப்பல்ல. அப்போதைய தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். 175,000 என்றால் ஏறக்குறைய 130 நாள் வேலை. ஆனால் நான் நினைப்பது வேறு. அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு தொகை இருந்தது. நமது கவரில் ஒரு தொகையும் இல்லை.

முறையிட இடம் இல்லாமல் இல்லை. டொக்டரின் நடத்தைக்கு இலங்கை மருத்துவ சபை. தனியார் நிலையங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஒழுங்குபடுத்தும் பேரவை. அரச ஆஸ்பத்திரியில் கை நீட்டினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம். எல்லாம் கொழும்பில். தமிழில் எழுத அரசியலமைப்பே உரிமை தருகிறது. ஆனால் சப்ரகமுவவில் எந்தக் கந்தோரிலும் முதலில் கைக்கு வருவது சிங்களப் படிவம். அதையும் நிரப்பியாயிற்று என்று வைப்போம். 'என்ன மருந்து, எவ்வளவு காசு' என்ற வரிக்கு என்ன எழுதுவது?

எங்கள் அம்மா மருந்துக் கவரை எறியமாட்டார். மாரி பிஸ்கட் டின்னில் அடுக்கி வைப்பார். ஒருமுறை அவருக்கு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்னே என்ன மருந்து எடுத்தீர்கள் என்று தாதி கேட்டதும் டின்னை நீட்டினேன். அவர் ஒவ்வொரு கவராகத் திருப்பிப் பார்த்தார். 1+1+1. 1+0+1. பாதி உடைந்த மஞ்சள் குளிசை ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'அம்மாவுக்கு இதன் பெயர் தெரியுமா?' என்று சிங்களத்தில் கேட்டார்.

'மஞ்சள்' என்றார் அம்மா.

(தொடரும்)