எடை மெஷினும் இஞ்ச் டேப்பும்

“எனக்கு எதுக்கு டெஸ்ட்? நான்தான் ஒல்லியாச்சே” என்று சொல்லும் ஒருவர் நம் எல்லார் வீட்டிலும் இருப்பார். எடை மெஷினில் ஏறுவார், 62 காட்டும், நிம்மதியாக இறங்கிவிடுவார். அந்த 62 என்பது என்ன என்று நாம் நிதானமாகப் பார்ப்போம். எலும்பு, தசை, ரத்தம், காலையில் குடித்த தண்ணீர், சாப்பிட்ட இட்லி, கொழுப்பு எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. அதில் கொழுப்பு எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பது மெஷினுக்குத் தெரியாது.

கொழுப்பு என்றாலே கெடுதல் என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வைப்போம். அது உடம்புச் சூட்டைக் காக்கிறது, சிறுநீரகங்களை அதிர்விலிருந்து காப்பாற்றுகிறது. லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ‘இருப்பு போதும்’ என்று மூளைக்குச் சேதியும் சொல்கிறது. உயிரோடு இயங்குவதற்கே ஆண் உடலில் எடையில் ஏறக்குறைய 3 சதவீதமும், பெண் உடலில் 12 சதவீதமும் கொழுப்பு வேண்டும். பிள்ளை பெறவும் பாலூட்டவும் பெண் உடல் வைத்திருக்கும் சேமிப்பும் இதில் அடக்கம். அதனால் 25 சதவீதம் என்பது பெண்ணுக்கு இயல்பான அளவு, ஆணுக்குச் சற்றுக் கூடுதல். கணவனும் மனைவியும் இந்த எண்ணை ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை.

அடுத்து, டாக்டர்கள் சொல்லும் பிஎம்ஐ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது அது. 165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு 22. இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்டவர் பெல்ஜியத்தின் கெட்லே. அவர் டாக்டர் அல்ல, புள்ளியியல் அறிஞர். மக்கள்கூட்டத்தின் சராசரி மனிதனைத் தேடியவர். கூட்டத்தை அளக்க அது நல்ல கருவிதான். தனி ஒருவரின் கொழுப்பை அது நேரே அளப்பதில்லை.

இதற்குக் கண்கூடான சாட்சி 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்ஞிக், லண்டனின் டாக்டர் யுட்கின் இருவரும் தங்கள் உடம்பையே ஸ்கேன் செய்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3 தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்ஞிக் உடலில் 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது மட்டுமல்ல. புனே வட்டாரத்துப் பச்சிளங்குழந்தைகளை பிரிட்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, எடையும் தசையும் நன்றாகக் குறைந்திருந்தன, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு கருவிலேயே தொடங்கிவிடுகிறது.

ஒல்லியாக இருந்தால் கொழுப்பு இல்லை என்று நாம் நம்புவது இங்கேதான் உடைகிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை வீட்டு நெற்குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். குதிரில் இருக்கும்வரை நெல்லால் தொந்தரவில்லை. குதிர் சிறிதாக இருந்து, வரத்து அதிகமானால் மூட்டைகள் அடுப்படியிலும் நடைவழியிலும் வந்து விழும். அப்படித்தான் மிஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்கிறது. அங்கே சேர்ந்ததும் இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் போகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி திறப்பது பெரும்பாலும் இந்த வயிற்றுக் கொழுப்புதான். இதனால்தான் உலக அளவில் பிஎம்ஐ 25க்கு மேல் அதிக எடை என்றால், இந்தியர்களுக்கு 23 தொட்டாலே கவனம் வேண்டும் என்கிறார்கள்.

சரி, எப்படி அளப்பது? துல்லியம் வேண்டுமென்றால் டெக்ஸா ஸ்கேன். இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு எலும்பு, தசை, கொழுப்பு எனப் பிரித்துச் சொல்லும். ஜிம்மில் கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின், நாம் உணராத அளவு மின்சாரத்தைக் கால்வழி அனுப்புகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாக ஓடும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடைபடும். அந்தத் தடையிலிருந்து கணக்குப் போடுகிறது. அதனால் தாகத்தோடு நின்றால் ஓர் எண், தண்ணீர் குடித்து நின்றால் வேறோர் எண். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கவனிப்பது நல்லது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதில் ஏறக் கூடாது.

தினசரி வாழ்க்கைக்குத் தையல்காரரின் இஞ்ச் டேப்பே போதும். விலாப்பக்கத்தைத் தடவி, கடைசி விலா எலும்பைக் கண்டுபிடியுங்கள். அதன் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில், தரைக்கு இணையாக, சதையை அழுத்தாமல் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்க வேண்டாம், இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் பாருங்கள். பேண்ட் சைஸை வைத்து ஏமாற வேண்டாம், பேண்ட் பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே இறங்கித்தான் நிற்கிறது. இந்தியர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. இன்னும் சுலபமாக, இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். இவை பெரியவர்களுக்கான அளவுகள், கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது.

அளவு கூடியிருந்தால் பட்டினி கிடக்க வேண்டாம், அதில் தசையும் கரையும். வேகநடை, தசைக்கு வேலை தரும் பயிற்சி, தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுவது, இவை போதுமான தொடக்கம். இரண்டு மாதத்தில் எடை அசையாமல் இடுப்பு மட்டும் குறைந்திருந்தாலும் அது வெற்றிதான். கொழுப்பு போன இடத்தில் தசை வந்திருக்கலாம். வீட்டில் எல்லாரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள், “நான்தான் ஒல்லியாச்சே” என்பவரை முதலில்.